வசவுப் பட்டியலில் நாற்பத்தொன்றாம் சொல்

செப்டம்பர் 23

ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை. இருந்த இரண்டு வாளியை நாலு பேர் பங்கு போட்டுக் குளித்துவிட்டு ஆபீஸ் போனேன். போனதும் ரெஜின் கேட்டான்: “என்ன அஞ்சலின், இன்னைக்கு என்ன ஏறுது?”

எங்கள் பிழைப்பே இந்தக் கேள்விதான். எட்டயபுரம் ரோட்டில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடி. நானும் ரெஜினும், மூன்று கம்ப்யூட்டர், அதில் ஒன்று ஓடாது. மழை, பஸ் நேரம், சந்தை விலை பார்க்கிற ஆப்களில் ஜனங்கள் தேடுகிற சொற்களை எங்கள் கம்பெனி மொத்தமாக வாங்குகிறது. யார் தேடினார்கள் என்று வராது. என்ன சொல், எந்தப் பக்கம், எந்த நாள், அவ்வளவுதான். போன வாரத்தைவிட எது ஏறியிருக்கிறது என்று பார்த்து வெள்ளிக்கிழமை சென்னைக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஹரிஹரசுதன் சார் அதை விற்பார். ஜனங்கள் ஒரு பொருளைக் கடையில் கேட்பதற்கு ஒரு மாதம் முன்னாலேயே போனில் கேட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு மாதம்தான் எங்கள் சரக்கு.

புதூர்ப் பக்கம் இந்த வாரம் ஏறியவை: மழை எப்போது. பனியன் கம்பெனி வேலை தங்கும் இடம். இரண்டும் எப்போதும் உள்ளவை. மூன்றாவது — புலி சத்தம்.

புலி சத்தமா?

செப்டம்பர் 27

அறிக்கை போயிற்று. சாரிடமிருந்து ஒரு வரி: “குழந்தைகள் சரக்கு. பொம்மை அல்லது ஏதாவது படம். கவனிக்கவும்.” புதூரில் எந்தப் பிள்ளைக்குப் புலி பொம்மை வாங்குகிறார்கள்? கேட்கவில்லை. நான் கேட்டால் அது ‘லோக்கல் ஃபீலிங்’. அவர் சொன்னால் ‘அனாலிசிஸ்’.

செப்டம்பர் 29, ஞாயிறு

புதூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தேன். பஸ்ஸைவிட்டு இறங்கிக் காட்டு வழியாக நடக்கும்போது புலி உறுமியது.

நின்றுவிட்டேன். மறுபடியும் உறுமியது. அப்புறம் ஒரு பெண் குரல், தங்கக் கடை விளம்பரம். அப்புறம் புலி.

எங்கள் வெள்ளாமைக் காட்டில், வரப்பு ஓரத்தில், ஒரு கம்பில் கட்டிய ப்ளூடூத் ஸ்பீக்கர். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். மழைக்கு முன்னால் விதைத்த மக்காச்சோளத்தைப் பன்னி வரிசை பிடித்துத் தோண்டித் தின்கிறதாம். நாங்கள் விதைக்கிற வரிசையிலேயே வருகிறதாம், மூக்கால் உழுதுகொண்டே. இரண்டு தடவை விதைத்தாயிற்று. ஓடைக்குள் கருவேலம் மண்டிக் கிடக்கிறது, அதற்குள் குடும்பம் குடும்பமாக இருக்கிறது.

“புலிக்குப் பயப்படுதாப்பா?”

“மொத ரெண்டு நாளு பயந்துச்சு. பொறவு விளம்பரம் வரும்போது வந்து திங்கப் பழகிட்டு.”

அப்பாவுக்கு எழுத வராது. மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் போதும் என்று போன பொங்கலுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். போனை வாய்க்கு நேரே பிடித்து, தாலுகா ஆபீஸில் பேசுகிற குரலில் கேட்டார்: “பன்னி வெரட்ட என்ன செய்யணும்?”

இதைத்தானே நான் ஆபீஸில் பார்த்திருக்க வேண்டும்? புலி ஏறியிருக்கிறது. பன்னி எங்கே?

செப்டம்பர் 30

காலையில் முதல் வேலையாகத் தேடினேன். பன்றி: மூன்று. பன்னி: பூஜ்யம்.

புதூர், விளாத்திகுளம், எட்டயபுரம் மூன்று பக்கமும் சேர்த்துப் பூஜ்யம். ஒரு மனுஷன்கூடப் பன்னியைப் பற்றிக் கேட்கவில்லையா? நேற்று அப்பா என் காதுபடக் கேட்டாரே.

மதியம் ரெஜின் கண்டுபிடித்தான். சொற்கள் எங்களிடம் வருவதற்கு முன்னால் ஒரு சல்லடை இருக்கிறது. கெட்ட வார்த்தை இருந்தால் அந்தத் தேடலையே தூக்கிப் போட்டுவிடும். சென்னையில் யாரோ உட்கார்ந்து போட்ட பட்டியல். நாற்பத்தொன்றாவது சொல்: பன்னி.

எருமை, கழுதை, குரங்கு எல்லாம் இருந்தன. “இது வசவுப் பட்டியலா, கால்நடைக் கணக்கெடுப்பா?” என்றான் ரெஜின். சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

பன்னி என்று அவர்கள் ஒருத்தனைத் திட்டத்தான் சொல்வார்கள். எங்களுக்கு அது நான்கு கால் வைத்துக் காட்டுக்குள் வரும். ஒரு தாலுகா முழுக்க மாசக்கணக்கில் போனைப் பார்த்துக் கத்தியிருக்கிறது, இவர்களுடைய மெஷின் ‘சீ, அசிங்கமாகப் பேசாதே’ என்று காதைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறது.

அக்டோபர் 1

சாருக்கு எழுதினேன். “பன்றி என்பதுதானே சரியான சொல்?” என்று பதில். சரியான சொல்லில் கேட்டால்தான் பன்னி போகுமா சார் என்று அடித்தேன். அழித்தேன். மரியாதையாக வேறு மாதிரி எழுதி அனுப்பினேன்.

அக்டோபர் 4

சல்லடையிலிருந்து நாற்பத்தொன்றை எடுத்துவிட்டார்கள். இனிமேல் இந்த வட்டாரத்துப் பட்டியலை நானே பார்த்துக்கொள்ளலாம் என்று சாவியையும் கொடுத்துவிட்டார்கள். பழைய கணக்கை மறுபடி ஓட்டினோம். ஜூலையில் தரையோடு கிடந்த கோடு ஆகஸ்டில் தலை தூக்கி, செப்டம்பரில் செங்குத்தாக நிற்கிறது. பன்னி வெரட்ட. பன்னி வராம இருக்க சேலை கட்டுதது. பன்னி பட்டாசு. பன்னிக்கு முடி போடுதது. இரண்டாயிரத்துச் சொச்சம் தேடல்.

சார் போன் பண்ணினார். “இதுதாம்மா எர்லி சிக்னல். வேற யாருக்கும் தெரியாது. பிரமாதம்.”

சந்தோஷமாக இருந்தது. ரெஜினுக்குச் சேவு வாங்கிக் கொடுத்தேன். இதை எழுதி வைக்கிறேன், பின்னால் மறைக்கக் கூடாது.

அக்டோபர் 23

நல்ல மழை. மூன்றாவது விதைப்பு முளைத்துவிட்டதாம். அம்மா போனில் சொன்னாள், தீப்பெட்டி ஆபீஸ் வேனில் வேலைக்குப் போய்க்கொண்டே.

நவம்பர் 3, ஞாயிறு

வீட்டில் ஒரு பெட்டி இருந்தது. மஞ்சள் பிளாஸ்டிக், மேலே சோலார் தகடு, சிவப்பு விளக்கு, மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியாம். அப்பாவும் பக்கத்துக் காட்டு அய்யாத்துரை மாமாவும் பாதிப் பாதி போட்டு வாங்கியிருக்கிறார்கள். போனில் விளம்பரம் தானாக வந்ததாம். அப்பா காட்டினார்.

“பன்னித் தொல்லையா? பன்னி வெரட்ட ஒரே வழி!”

பன்றி இல்லை. பன்னி. விரட்ட இல்லை, வெரட்ட.

இந்த எழுத்தை நான்தான் அனுப்பினேன். என் அறிக்கையில் நாலாவது பக்கம்: ‘இந்த மக்கள் இப்படித்தான் சொல்கிறார்கள், இப்படியே சொன்னால் நம்புவார்கள்.’ என் வாக்கியம். யாருக்கு விற்பார்கள் என்று நினைத்திருந்தேன்? நினைக்கவே இல்லை. அதுதான் உண்மை.

அப்பாவிடம் சொல்லவில்லை. “நம்ம ஊருப் பேச்சுல பேசுதான், நல்ல கம்பெனியாத்தான் இருப்பான்” என்றார்.

நவம்பர் 11

பெட்டிக்கு அடியில் பன்னி படுத்துத் தூங்கின தடம் இருந்ததாம். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்ததாம்.

நவம்பர் 19

கதிர் வைக்கப் போகிற நேரம். கோடு மறுபடி ஏறுகிறது, ஆனால் சொல் மாறிவிட்டது.

பன்னிக்கு கரண்டு. பன்னி கம்பி வேலி கரண்டு குடுக்கது எப்படி.

புதூர்ப் பக்கம் மட்டும் இந்த வாரம் ஏழு. போன வாரம் ஒன்று. அதற்கு முந்தின வாரம் இல்லை.

ஏழுதான். ரெஜின் அந்த ஏழையும் மறுபடி எண்ணிப் பார்த்தான். அவனும் காட்டுக்காரன் வீட்டுப் பிள்ளைதான், பசுவந்தனைப் பக்கம். ஒரு காட்டில் கம்பி இழுத்து மோட்டார் ரூமிலிருந்து நேரே கரண்ட் கொடுத்தால் பன்னி மட்டும் சாகாது. களையெடுக்கப் போகிறவள், ஆடு மேய்க்கிறவள், வெளிக்குப் போகிறவள். யார் அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர் இல்லையோ அவர்தான் முதலில் மிதிப்பார்.

நவம்பர் 21

சாரின் பதில்: “இதில் விற்கப் பொருள் இல்லை. சட்டச் சிக்கல் வேறு. ஆபத்துப் பட்டியலில் போட்டு நீக்கிவிடவும்.”

நீக்கினால் கோடு இறங்கிவிடும். கம்பி இறங்காது.

நவம்பர் 22

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கரண்ட் ஆபீஸ் போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷன்தான், உட்காரச் சொன்னார். நான் கொண்டுபோன கோட்டு வரைபடத்தைப் பார்த்தார். “எந்த ஊரும்மா? எந்தக் காடு? சர்வீஸ் நம்பர் இருக்கா?” எதுவும் இல்லை. ஒரு வட்டாரம், ஏழு தேடல். “பேர் சொல்லுங்க, இன்னைக்கே ஆள் அனுப்புதேன்” என்றார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. ஒரு மாதம் முன்னால் எல்லாம் தெரியும், யார் என்று மட்டும் தெரியாது — என்ன எழவு வேலை இது.

நவம்பர் 24, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

பஸ்ஸிலிருந்து இறங்கினதும் வெயிலம்மாள் அத்தையைப் பார்த்தேன். நாற்பது ஆடு மேய்க்கிறாள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஓடைக்கரையும் அடுத்தவர் வரப்பும்தான் அவளுக்கு மேய்ச்சல். காட்டில் கரண்ட் கம்பி போடுகிறார்கள், பார்த்துப் போங்கள் என்றேன்.

“எந்தக் காட்டுல?”

“அது தெரியாதுத்தை.”

“ஏட்டி அஞ்சலி, ஊரு பூராவும் என்ன தேடுதுன்னு பாக்கத்தான ஒனக்குச் சம்பளம் குடுக்கான்? எந்தக் காடுன்னு மட்டும் ஒன் பொட்டி சொல்லாதாக்கும்?” ஆட்டைப் பார்த்துச் சொன்னாள்: “கேட்டியாளா, எல்லாக் காடும் கரண்டாம். இனி வானத்துல மேயுங்க.”

வீட்டுக்கு வந்தேன். அப்பா குளிக்கப் போயிருந்தார். போன் கட்டிலில் கிடந்தது. ஏன் எடுத்தேன்? தெரியவில்லை. இல்லை, தெரியும். தேடினவை எல்லாம் வரிசையாக இருந்தன. நாளை மழை வருமா. பைபிள் வசனம் இன்று. பன்னிக்கு கரண்டு குடுக்கது எப்படி — நவம்பர் 18, மாலை நான்கு மணி.

ஏழில் ஒன்று எங்கப்பா.

அவர் தலை துவட்டிக்கொண்டே வந்தார். கேட்டேன். மறைக்கவில்லை. ஆறு நாளாகக் கம்பி கிடக்கிறது, எங்கள் காட்டையும் அய்யாத்துரை மாமா காட்டையும் சுற்றி. கரண்ட் மாமாவின் மோட்டார் ரூமிலிருந்து. சாயங்காலம் போடுவார், காலை ஐந்து மணிக்கு அவரே போய் அணைத்துவிடுவார்.

“ஒரு நாள் மறந்துட்டா?”

“மறக்க மாட்டான்.”

“யாராவது செத்தா?”

“மூணு வெதப்பு போட்டாச்சு. நாலாவதுக்கு நான் எங்கன போவேன்? பொட்டியும் வாங்கிப் பாத்தாச்சு, அதுக்கடியில பன்னி படுத்து ஒறங்குது.”

அப்போது சொன்னேன். அந்தப் பெட்டி எப்படி அவர் போனுக்கு வந்தது என்று. என் வேலை என்ன என்று முதல் தடவையாக முழுசாகச் சொன்னேன். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

“இங்கன பன்னித் தொல்லைன்னு ஒனக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கு.”

“ஆமாப்பா.”

“அதப் பொட்டிக்காரன்ட்ட சொன்னதுக்குப் பதிலா சர்க்காருக்குச் சொல்லியிருக்கலாம்லா.”

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். 

அய்யாத்துரை மாமாவிடமும் போனேன். “எங்கையில சுவிட்ச் இருக்கும்போது ஒனக்கென்னம்மா பயம்” என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை கரண்ட் ஆபீஸ் அதிகாரி பெயர் கேட்டார். இப்போது பெயர் இருக்கிறது. போன் நம்பரும் இருக்கிறது. செய்யவில்லை. அடுத்தவன் அப்பாவாக இருந்தால் செய்திருப்பேன். இது கேவலம், தெரிந்தே எழுதுகிறேன்.

பஸ் ஏறுவதற்கு முன்னால் திரும்பவும் வெயிலம்மாள் அத்தையிடம் போனேன். எங்கள் காடு, அய்யாத்துரை மாமா காடு, ரெண்டையும் சுத்திக் கம்பி என்றேன். காலையில் அணைத்திருப்பார்கள், இருந்தாலும் எது நடந்தாலும் கிட்டே போகாதீர்கள் என்றேன். அவள் கேலி பேசவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“ஒங்கப்பன் எபநேசரா?” என்றாள். அவ்வளவுதான்.

நவம்பர் 28

அம்மா ஒன்பதரைக்குப் போன் பண்ணினாள். அய்யாத்துரை மாமா விடியற்காலை பஸ்ஸில் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போய்விட்டார். அணைக்கவில்லை. எட்டு மணிக்கு வெயிலம்மாள் அத்தையின் ஆடு இரண்டு சோளக் காட்டுக்குள் பாய்ந்திருக்கின்றன. விழுந்துவிட்டன. சத்தம் போடக்கூட இல்லையாம்.

அவள் ஓடவில்லை. ஆடு விழுந்தால் மேய்க்கிறவள் ஓடிப் போய்த் தூக்கத்தான் செய்வாள். அவள் நின்ற இடத்திலேயே நின்று மற்ற ஆடுகளைக் கல்லால் எறிந்து விரட்டிக்கொண்டு கத்தியிருக்கிறாள். அப்பாதான் கேட்டு ஓடிப் போய் மோட்டார் ரூம் பூட்டை உடைத்து அணைத்தார்.

அம்மாவை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.  

டிசம்பர் 1, ஞாயிறு

கம்பி இல்லை. அப்பா அன்றைக்கே சுருட்டிவிட்டார். மாமா கல்யாணத்திலிருந்து வந்து கேட்டதற்கு, சுருட்டின கம்பியை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. செத்த ஆடுகளுக்கு ஈடாக எங்கள் வீட்டுச் சினையாடு வெயிலம்மாள் அத்தையின் மந்தையில் நிற்கிறது, மாமா வீட்டுக் கிடாவும்.

போலீஸில் புகார் கொடுக்கலாம் என்று நானே அவளிடம் சொன்னேன். அப்பாவைப் பற்றியும்தான்.

“குடுத்துட்டு? நாளைக்கு எவன் வரப்புல நான் மேய்க்க? நீ சொன்னதுனால நான் நின்னுட்டேன். சொல்லாதவன் காட்டுல எவ நிப்பா?” பிறகு, “இந்தாட்டி, ஒன் பொட்டி கரண்டுன்னு சொன்னா எனக்கு மொதல்ல ஒரு போனப் போடு. ஆபீசருக்குப் பொறவு சொல்லிக்கலாம்.”

டிசம்பர் 9, திங்கள்

லீவு போட்டுவிட்டு கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போனேன். வரைபடத்தைக் கொடுத்தேன். அதிகாரி பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உங்க பக்கத்திலிருந்து இந்த வருஷம் பன்றிச் சேதம்னு ஒரு புகார்கூட வரலையேம்மா.”

இரண்டாயிரம் பேர் போனிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தர்கூட இவரிடம் சொல்லவில்லை. போன் சிட்டா கேட்காது, போட்டோ கேட்காது, நாளைக்கு வா என்று சொல்லாது.

பயிர்ச் சேதப் படிவம் ஐம்பது வாங்கிக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து வேதக் கோயில் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தேன். முப்பத்தொரு படிவம் நிரப்பினேன். அய்யாத்துரை மாமாவும் வந்து வரிசையில் நின்றார், எனக்கு முன்னால் வந்ததும் தரையைப் பார்த்தார். ‘சேதப்படுத்திய விலங்கு’ என்ற இடத்தில் ‘காட்டுப்பன்றி’ என்று எழுதினேன். வாய்க்கு ஒரு சொல், படிவத்துக்கு ஒரு சொல்.

வெயிலம்மாள் அத்தைக்குப் படிவம் இல்லை. பட்டா இருந்தால்தான் சேதம்.

ஜனவரி 10

முப்பத்தொன்றில் நாலு திரும்பி வந்தது, போட்டோ தெளிவில்லை என்று. மற்றவை ‘பரிசீலனையில்’.

ஜனவரி 19, ஞாயிறு

அறுத்தாயிற்று. பாதி இருக்கும். சோளத்தட்டையை வெயிலம்மாள் அத்தை வந்து கட்டிக்கொண்டு போனாள், அப்பா தூக்கிவிட்டார்.

சாயங்காலம் அப்பா வெறுங்காட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு போனை வாய்க்கு நேரே பிடித்தார். அதே தாலுகா ஆபீஸ் குரல்.

“பன்னி திங்காத வெள்ளாமை எது?”

ஜனவரி 24

கரண்டுத் தேடல் இந்த வாரம் இரண்டு. எட்டயபுரத்துக்குத் தெற்கே. யார் என்று தெரியாது. வெயிலம்மாள் அத்தைக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் அவளுடைய அக்கா மகன் ஆட்டுக் கிடை போட்டிருக்கிறானாம், சொல்லிவிடுகிறேன் என்றாள்.

பன்னி திங்காத வெள்ளாமை. பன்னி திங்காத பயிர் வெதை. பன்னி தொடாத செடி. இந்த வாரம் நூற்று நாற்பது. போன வாரம் முப்பது. அழகான கோடு, நான் வரைந்ததிலேயே செங்குத்தானது. ஒரு சீமை முழுக்க மக்காச்சோளத்தைக் கைவிடப் போகிறது, அதற்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, இது எனக்கும் ரெஜினுக்கும் மட்டும்தான் தெரியும். திங்கள்கிழமையே சார் சொல்லியிருந்தார், ஒரு விதைக் கம்பெனி காத்திருக்கிறது, பன்னியில் அடுத்து என்ன என்று பார் என்று.

நூற்று நாற்பதையும் கையால் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன், ஊர்ப் பக்கம் வாரியாக. புதூர் வேளாண்மை ஆபீஸில் ஒரு அக்கா இருக்கிறாள், கேட்டால் பேசுவாள். அவள் என்ன சொல்கிறாளோ அதை அப்பாவுக்குச் சொல்கிறேன்.

பிறகு வசவுப் பட்டியலைத் திறந்தேன். நாற்பத்தொன்றாம் இடம் காலியாகவே கிடந்தது. ரெஜின் பார்த்துக்கொண்டிருந்தான். “நான் டீ குடிச்சிட்டு வாரேன்” என்று எழுந்து போனான். அந்த இடத்தை நிரப்பினேன்; கரண்டுத் தேடல் பார்க்கும்போது எடுத்துக்கொள்ளலாம், சாவி என்னிடம்தான்.

நாலு மணிக்கு அறிக்கை போயிற்று. நாலரைக்குச் சாரின் செய்தி: “என்னம்மா, பன்னி ஒன்றுகூட இல்லையே? சீசன் முடிஞ்சுதா?”

எழுதினேன்: “அது வசவு, சார்.”